ரஷ்யத் தேநீர் டம்ளர் தாங்கிகளும் அவற்றின் பழைய அலங்காரங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பத்ஸ்தகான்னிக்" என்பது என்ன?

ரஷ்ய மொழியில் "ஸ்தகான்" என்றால் கண்ணாடி டம்ளர், "பத்" என்றால் கீழே. டம்ளருக்குக் கீழே இருந்து தாங்குவது பத்ஸ்தகான்னிக். கைப்பிடி வைத்த உலோகக் கூடு அது. கைப்பிடி இல்லாத மெல்லிய கண்ணாடி டம்ளரை அதற்குள் இறக்கி, கொதிக்கக் கொதிக்கத் தேநீரை ஊற்றுவார்கள். விரல் சுடாது, ரயில் பெட்டி ஆடினாலும் டம்ளர் சாயாது. இனி இந்தப் பக்கத்தில் சுருக்கமாகத் தாங்கி என்றே சொல்கிறோம்.

தாங்கி 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தலைகாட்டி, 19ஆம் நூற்றாண்டில் வீட்டுக்கு வீடு பரவியது. ஆண்கள் டம்ளரில் குடிப்பதும் பெண்கள் பீங்கான் கோப்பையில் குடிப்பதும் அன்றைய வழக்கம். ஆகவே வெள்ளித் தாங்கி பெரும்பாலும் ஆண்களுக்குக் கொடுக்கும் பரிசாக இருந்தது. பல பழைய தாங்கிகளின் முகப்பில் அலங்காரமே இல்லாத ஒரு சிறு கேடய வடிவத்தைப் பார்க்கலாம். பெறுபவரின் பெயரெழுத்துகளைப் பொறிக்க விட்ட இடம் அது. அது காலியாக இருந்தால் ஏதோ விடுபட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். பெயர் பொறிக்கப்படாமலே கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எந்தப் பாகத்தில் என்ன அலங்காரம் வரும்?

மேல்விளிம்பு, உடல், அடி, கைப்பிடி, கைப்பிடியின் உச்சியில் கட்டைவிரல் ஊன்றும் சிறு தகடு என்று ஐந்து பாகங்கள். மேல்விளிம்பிலும் அடியிலும் கயிறு முறுக்கு, முத்துவரிசை, இலைவரிசை போன்ற கரை அலங்காரம் ஓடும். உடலில்தான் முக்கியக் காட்சி அல்லது கொடிக்கருக்கு. கட்டைவிரல் தகட்டைப் பலர் கவனிப்பதில்லை. அச்சில் அழுத்திச் செய்த மலிவான தாங்கியில்கூட அந்தச் சிறு இடத்தில் ஒரு பூவோ இலையோ இருக்கும். விரல் பட்டுப் பட்டு முதலில் தேய்வதும் அங்கேதான். தகடு புத்தம்புதிதாகக் கூர்மையாகவும் உடல் மட்டும் தேய்ந்தும் இருந்தால், கைப்பிடி பின்னால் மாற்றப்பட்டது என்று சந்தேகிக்கலாம்.

"பழைய ரஷ்ய" அலங்காரம் என்று விற்கிறார்களே, அது எவ்வளவு பழையது?

அதிகக் குழப்பம் இதில்தான் வருகிறது. அலங்காரத்தின் வயது வேறு, பொருளின் வயது வேறு. 13, 14ஆம் நூற்றாண்டு நோவ்கரத் நகரத்துக் கையெழுத்துப் பிரதிகளில் அத்தியாயத் தொடக்க எழுத்துகளை, வார்களில் சிக்கிக் கழுத்தை வளைத்துத் தன் வாலையே கடிக்கும் மிருகங்களாக வரைந்தார்கள். அதே மிருகம் 1880களின் மாஸ்கோ வெள்ளித் தாங்கியிலும் இருக்கும். ஆனால் அந்தப் பிரதிகளை எழுதிய காலத்தில் அங்கே தேநீரும் இல்லை, தாங்கியும் இல்லை. 19ஆம் நூற்றாண்டு தன் பழமையைத் தேடிப் போய் எடுத்துவந்த உருவம் அது.

அப்படித் தேடியதற்கு ஒரு பின்னணி உண்டு. அதுவரை ரஷ்ய வெள்ளி வேலை பெரும்பாலும் மேற்கு ஐரோப்பாவைப் பார்த்தே நடந்தது. நூற்றாண்டின் தொடக்கத்தில் வாகை மாலையும் விசிறி இலையும், நடுப்பகுதியில் சிப்பியும் சுருளும் அங்கிருந்துதான் வந்தன. பிறகு "நமக்கென்று ஒரு வடிவம் இல்லையா?" என்ற கேள்வி எழுந்தது. மாஸ்கோவில் 1825இல் தொடங்கிய ஸ்த்ரோகனோவ் வரைகலைப் பள்ளி, 10 முதல் 16ஆம் நூற்றாண்டு வரையிலான கையெழுத்துப் பிரதிகளின் அலங்காரங்களை நகலெடுத்து 1870இல் பெரிய தொகுப்பாக வெளியிட்டது. விமர்சகர் விளதிமிர் ஸ்தாசவ் 1872இல் கிராமத்துத் துணிகளின் எம்பிராய்டரி, நெசவு, லேஸ் வடிவங்களைத் தொகுத்தார். வெள்ளிப் பட்டறையில் வரைபவருக்கு இப்போது புரட்டிப் பார்க்கப் பக்கங்கள் கிடைத்தன. 1870க்குப் பிறகு மாஸ்கோ வெள்ளியில் "பழைய" ரஷ்யா திடீரென்று பெருகியதற்கு இதுவே காரணம்.

எந்த உருவம் எங்கிருந்து வந்தது?

பின்னல் மிருகங்களும் வார்ப் பின்னலும் கையெழுத்துப் பிரதிகளிலிருந்து வந்தவை. எதிரெதிராக நிற்கும் சேவல்கள், நட்சத்திரப் பூக்கள், படிப்படியாக ஏறும் கட்டங்கள் ஆகியவை எம்பிராய்டரித் துண்டுகளிலிருந்து வந்தவை. துணியில் நூலை எண்ணித் தைக்கும்போது வளைவு வராது, படிக்கட்டுதான் வரும். வெள்ளியில் வளைவாகவே வெட்டலாம். இருந்தும் அந்தப் படிக்கட்டை அப்படியே வைத்திருந்தால், மூலம் துணி என்று உறுதியாகச் சொல்லலாம். ரம்பத்தால் அறுத்தது போன்ற ஓட்டைகளும் பல் பல்லான விளிம்பும் மரவீடுகளின் கூரைச் சட்டத்திலிருந்து வந்தவை. கட்டடக் கலைஞர் இவான் ரோபெத் இந்தப் பாணியைக் கட்டடங்களில் பரப்பினார். வெள்ளிக்காரர்கள் அதைச் சின்னதாக்கிக்கொண்டார்கள்.

வளைந்து சுருளும் கொடியும் பெரிய துலிப் பூவும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. வடக்கே சொல்விசெகோத்ஸ்க் ஊரில் வெள்ளை எனாமல் மேல் அப்படித்தான் பூ எழுதினார்கள். பெண் தலையும் பறவை உடலும் கொண்ட சிரின், நாட்டார் ஓவியத்திலிருந்தும் மரச்செதுக்கிலிருந்தும் வருகிறது.

இவற்றோடு ஒட்டாமல் ஒரு தனி வகையும் உண்டு. வெள்ளியை வெள்ளியாகவே காட்டாமல், பின்னிய கூடை போலவும் மரப்பீப்பாய் போலவும் செதுக்கிய தாங்கிகள் 1870, 80களில் விரும்பப்பட்டன. அவற்றில் நல்லதைக் கையில் எடுத்தால் மரத்தின் வரியோட்டமும் கணுவும்கூடத் தெரியும். செதுக்குளியை உருட்டி உருட்டி வெட்டிய வேலை அது. அச்சில் அழுத்திய நகலில் எல்லாக் கணுவும் ஒரே ஆழத்தில் இருக்கும்.

நீர்த்தாமரை, ஐரிஸ் பூ, சவுக்கு வீச்சு போல் நீண்டு வளையும் தண்டு, கூந்தல் விரிந்த பெண்முகம் இவையெல்லாம் 1900ஐ ஒட்டிய புதுக்கலைப் பாணி. இவற்றை "பழைய ரஷ்ய" வகை என்று விற்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

கம்பி வேலைத் தாங்கியை எப்படிச் செய்கிறார்கள்?

ரஷ்யர்கள் இதை "ஸ்கான்" என்கிறார்கள். முறுக்குவது என்று பொருள்படும் பழைய சொல்லிலிருந்து வந்தது. பெயரே செய்முறையைச் சொல்கிறது.

அரை மி.மீ.க்கும் மெல்லிய செம்பு அல்லது வெள்ளிக் கம்பியைக் காய்ச்சி மிருதுவாக்கி, இரண்டை ஒன்றாக முறுக்குவார்கள். முறுக்கியதை உருளைகளுக்கு நடுவே விட்டால் தட்டையாகி, இருபுறமும் நுண்ணிய பல்வரிசை தெரியும். கம்பி வேலையின் மினுமினுப்பு அந்தப் பல்வரிசையிலிருந்துதான் வருகிறது. வழவழப்பான கம்பியில் அது வராது. பிறகு முழு அளவில் வரைந்த காகிதத்தின் மேல், முதலில் தடித்த கம்பியால் சட்டத்தை வைப்பார்கள். அதற்குள் சாமணத்தால் வளைத்த துண்டுகளை ஒவ்வொன்றாகப் பசையிட்டு ஒட்டுவார்கள். இந்தத் துண்டுகளுக்குப் பட்டறைப் பெயர்கள் உண்டு: வெள்ளரிக்காய், பாம்பு, கயிறு, இதழ். வெள்ளரிக்காய் என்பது இரு முனையிலும் கூர்மையான சிறு வளையம். உருவத்தைப் பார்த்தவுடன் பெயர் புரியும்.

பரப்பு முழுவதும் நிரம்பியதும், துண்டுகளைப் பற்றவைக்கும் உலோகமான பற்றாசைப் பொடியாக அரத்தில் அராவி, வெண்காரத்தோடு கலந்து தூவி, சுடர் காட்டுவார்கள். காகிதம் எரிந்து போகும். பற்றாசு 700 பாகை செல்சியஸுக்கு மேல் உருகி ஓடும். செம்பு உருக 1,080 பாகைக்கு மேல் வேண்டும். இந்த இடைவெளிக்குள்தான் வேலை முடிய வேண்டும். செம்பில் கொஞ்சம் நிதானமாகச் செய்யலாம். வெள்ளி 961 பாகையிலேயே உருகும், அதில் செம்பு கலந்திருந்தால் இன்னும் முன்னதாகவே இளகும். ஆக வெள்ளியில் கை அவசரமாக இருக்க வேண்டும். ஒட்டிய தட்டையான தகட்டை அமிலத்தில் ஊறவைத்து வெளுத்த பிறகே மர உருளையில் வளைத்து உருளையாக்குவார்கள். கைப்பிடியும் அடியும் கடைசியில் சேரும். செம்பு என்றால் இறுதியில் வெள்ளி முலாம்.

என்ன தவறு நடக்கும்? பற்றாசு அதிகமானால் பல்வரிசை நிரம்பி, கம்பி நக்கிவிட்ட மாதிரி மழுங்கிவிடும். குறைந்தால் துண்டுகள் தளர்ந்து, நகத்தால் தட்டும்போது கலகலக்கும். வாங்கும் முன் ஒரு பூதக்கண்ணாடி கொண்டு கம்பிகள் சந்திக்கும் இடங்களை மட்டும் பாருங்கள். சந்திப்பில் சிறு புள்ளியாகப் பற்றாசும், கம்பியின் மேல் பல்வரிசை முழுதாகவும் இருந்தால் நல்ல கை.

நிஷ்னி நோவ்கரத் பகுதியின் கசாகவோ கிராமம் கம்பி வேலைத் தாங்கிக்கே பெயர் பெற்றது. கோஸ்த்ரமா பகுதியின் க்ராஸ்னயே-நா-வோல்கெ இன்னொரு பெரிய மையம். கசாகவோ தாங்கிகள் பெரும்பாலும் வெள்ளி முலாம் பூசிய செம்பு. வெள்ளி என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறவர்கள் இதில்தான் அதிகம். பொருளில் குறை இல்லை, சொன்ன பெயர்தான் தவறு.

எனாமல் தாங்கிகளில் கவனிக்க வேண்டியது என்ன?

கம்பியால் பாத்தி கட்டி, பாத்திக்குள் அரைத்த வண்ணக் கண்ணாடியை நிரப்பி, 700 முதல் 800 பாகையில் உலையில் சுடுவதுதான் முறை. ஒரே தடவையில் முடியாது. சுட்டதும் கண்ணாடி அமிழும். மீண்டும் நிரப்பிச் சுட வேண்டும். மாஸ்கோவில் பாவெல் ஒவ்சின்னிகோவ், இவான் க்லெப்னிகோவ் நிறுவனங்களும் ஃபியோதர் ரூக்கர்ட்டின் பட்டறையும் இதில் உச்சம் தொட்டன. ரூக்கர்ட் புகழ்பெற்ற நகை நிறுவனமான ஃபாபர்ஷேவுக்கும் எனாமல் பொருள்கள் செய்துகொடுத்தார்.

விளக்கு வெளிச்சத்தைச் சாய்வாக விட்டுப் பாருங்கள். சுட்ட எனாமலில் ஒளி பாத்திக்குப் பாத்தி சற்றே மாறி விழும். உதிர்ந்த இடத்தைப் பெயின்டால் நிரப்பியிருந்தால் அந்தப் பாத்தி மட்டும் மந்தமாகத் தெரியும். ஊசி முனை சுட்ட எனாமலில் வழுக்கும், பெயின்டில் குத்தும். விற்பவரின் அனுமதி கேட்டுவிட்டு, கண்ணுக்குப் படாத ஓரத்தில் மட்டும் இதைச் செய்ய வேண்டும்.

கறுப்பு நிறக் கோடுகள் உள்ள தாங்கிகள்?

வெள்ளி, செம்பு, ஈயம், கந்தகம் சேர்த்து உருக்கிய கறுப்புக் கலவையை, வெள்ளியில் வெட்டிய பள்ளங்களில் நிரப்பி, சுட்டு, மட்டமாக அராவி எடுப்பார்கள். ரஷ்யப் பெயர் "சேர்ன்". வடக்கே வேலிகி உஸ்த்யூக் ஊர் இதில் புகழ் பெற்றது. அங்கே ஊர்க்காட்சி, ஆற்றங்கரை, வேட்டை என்று படம் சொல்லும் வழக்கம் அதிகம்.

தாகெஸ்தான் மலைக்கிராமமான குபாச்சியில் கதையே வேறு. குத்துவாள் உறையும் இடுப்புவாரும் செய்து பழகிய கைகள் பின்னாளில் தாங்கிக்கு வந்தன. மனித உருவம் அரிது, முழுக்கச் செடிகொடிதான். நடுக்கோட்டின் இருபுறமும் சமமாக எழும் கிளைக்கு "துத்தா" என்று பெயர். சமச்சீர் இல்லாமல் புதர் போல் படரும் சுருளுக்கு "மர்ஹராய்" என்று பெயர். மாஸ்கோப் பூக்களைப் பார்த்து எடுத்துக்கொண்ட இன்னொரு வகையும் உண்டு. அதை மறைக்காமல் "மஸ்கோவ்-நகிஷ்", அதாவது மாஸ்கோ வடிவம் என்றே அழைத்தார்கள். மர்ஹராய் சுருளைக் கண்ணால் தொடர்ந்து பாருங்கள்: ஒரு தண்டு தொடங்கி, கிளைத்து, இன்னொன்றின் கீழே நுழைந்து மறையும். நல்ல வேலையில் அது எங்கும் அறுபடாது. அச்சு நகலில் சுருள்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்குமே தவிர, ஒன்றன் கீழ் ஒன்று போகாது.

சோவியத் தாங்கிகளிலும் பழைய அலங்காரம் இருக்கிறதா?

நிறைய இருக்கிறது, சட்டத்தில் பாருங்கள். நடுவில் ராக்கெட், சுற்றிலும் கோதுமைக் கதிர், ஓக் இலை, ரிப்பன் கட்டிய மாலை, முத்துவரிசை. நடுப்படம் புதியது, சட்டம் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த வாகை மாலைப் பாணியின் வாரிசு.

இவற்றில் பெரும்பங்கு விளதிமிர் மாகாணத்தின் கோல்ச்சூகினோ ஆலையில் வந்தது. வணிகர் அலெக்சாந்தர் கோல்ச்சூகின் 1871இல் தொடங்கிய செம்பு ஆலை அது; ஆலையைச் சுற்றி வளர்ந்த ஊருக்கும் அவர் பெயரே நின்றுவிட்டது. அங்கே வேலை அச்சு வேலை: தகட்டை உருக்கு அச்சில் அழுத்தி, உருளையாக்கி, கைப்பிடியைப் பற்றவைத்து, முலாம் பூசி, பள்ளங்களை மட்டும் கறுக்கவைத்து, மேட்டை மெருகேற்றுவார்கள். பள்ளம் கறுத்து மேடு மின்னுவதால்தான் ஆழம் குறைந்த படமும் தெளிவாகத் தெரிகிறது. அந்தக் கறுப்பை அழுக்கு என்று நினைத்துத் தேய்த்து எடுத்துவிட்டால் படம் செத்துவிடும்.

காட்சியை வைத்துக் காலத்தின் கீழ் எல்லையைக் கண்டுபிடிக்கலாம். கிரெம்ளின் ஸ்பாஸ்கயா கோபுர உச்சியில் இரட்டைத்தலைக் கழுகு இருந்தது. 1935இல் அதை இறக்கி நட்சத்திரம் ஏற்றினார்கள். தாங்கியில் உள்ள கோபுரத்தின் உச்சியில் நட்சத்திரம் இருந்தால் 1935க்கு முந்தையதாக இருக்க முடியாது. மாஸ்கோ பல்கலைக்கழகத்தின் வானுயர்ந்த கட்டடம் 1953இல் திறந்தது. நான்கு மீசைக்கம்பி வைத்த உருண்டை ஸ்புட்னிக் என்றால் 1957 அக்டோபருக்குப் பின். ஆனால் இதெல்லாம் கீழ் எல்லை மட்டுமே. விற்பனையான அச்சைப் பல ஆண்டுகள் ஓட்டினார்கள். ஸ்புட்னிக் தாங்கி எல்லாம் 1957இல் செய்ததல்ல.

ரயில் தாங்கியை எப்படி அடையாளம் காண்பது?

போக்குவரத்து அமைச்சகத்தின் முதலெழுத்துகளான எம், பே, எஸ் உடலிலோ அடியிலோ இருக்கும். அதுவரை மக்கள் ஆணையமாக இருந்த துறை அமைச்சகம் என்ற பெயர் பெற்றது 1946இல். ஆகவே இந்த எழுத்துள்ள சோவியத் தாங்கி அதற்குப் பிந்தையது. ரயில் தாங்கிகளின் அடி அகலமாக, கனமாக இருக்கும். அலங்காரம் ஆழமற்றதாக இருக்கும். பெட்டிப் பணிப்பெண் ஒரு கையில் பல டம்ளர்களைக் கொண்டுபோவார், நாள்தோறும் கழுவுவார். ஆழமான கருக்கு அழுக்கைப் பிடித்துக்கொள்ளும்.

வெள்ளி முத்திரையை எப்படிப் படிப்பது?

ஜார் காலத்தில் வெள்ளியின் மாற்றை, அதாவது சுத்தத்தை, சலத்னீக் என்ற பழைய ரஷ்ய எடைக் கணக்கில் சொன்னார்கள். 96 என்றால் சுத்த வெள்ளி. தாங்கிகளில் அதிகம் காண்பது 84, அதாவது ஆயிரத்துக்கு 875 பங்கு. 88 என்றால் 916.

1899க்கு முன் ஒவ்வொரு நகரத்துக்கும் தனி முத்திரை: மாஸ்கோவுக்கு டிராகனைக் குத்தும் குதிரைவீரன், பீட்டர்ஸ்பர்க்குக்குக் குறுக்காக வைத்த இரு நங்கூரங்களும் செங்கோலும். வெள்ளியைச் சோதித்து முத்திரையிடும் பரிசோதகரின் முதலெழுத்துகளோடு ஆண்டையும் போடுவார்கள், அது நமக்கு வரப்பிரசாதம். 1899 முதல் நாடு முழுவதற்கும் ஒரே உருவம்: கோகோஷ்னிக் என்ற தலையணி அணிந்த பெண்ணின் பக்கவாட்டு முகம். 1908 வரை இடப்பக்கம் பார்க்கும், கூடவே பரிசோதகரின் முதலெழுத்துகள் இருக்கும். மாஸ்கோவில் அவை இவான் லெபியோத்கினுடையவை. 1908இலிருந்து வலப்பக்கம் பார்க்கும். எழுத்துகளுக்குப் பதில் கிரேக்க எழுத்து வரும்: மாஸ்கோவுக்கு டெல்டா, பீட்டர்ஸ்பர்க்குக்கு ஆல்ஃபா.

1927 முதல் சுத்தியல் ஏந்திய தொழிலாளியின் தலையும் 875, 916 போன்ற ஆயிரத்தின் கணக்கும். 1958 முதல் நட்சத்திரத்துக்குள் அரிவாளும் சுத்தியலும். 1994க்குப் பிறகு பெண்முகம் மீண்டும் வந்தது. ஆனால் பக்கத்தில் 84 இருக்காது. 875 அல்லது 925 இருக்கும்.

போலியை எப்படிப் பிடிப்பது?

முதலில் ஒரு பொறியைச் சொல்லிவிடுகிறோம். 84ம் 875ம் ஒரே உலோகம். சோவியத் தாங்கியின் 875 முத்திரையை அராவிவிட்டு, ஜார் காலப் பெண்முகத்தைக் குத்தினால், உரைகல்லும் காரட் மீட்டரும் அதைக் காட்டிக்கொடுக்காது. உலோகச் சோதனையில் தேறியதாலேயே பழையது என்று ஆகாது.

இங்கேதான் அலங்காரம் சாட்சிக்கு வருகிறது. முத்திரை 1890 என்கிறது, கரையில் கோதுமைக்கதிர் மாலை நடுவில் ஐந்துமுனை நட்சத்திரத்தில் முடிகிறது என்றால் முத்திரை பொய். எழுத்தும் உதவும். 1918 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன், மெய்யில் முடியும் ரஷ்யச் சொற்களின் கடைசியில் ஒலியில்லாத ஒரு "கடினக் குறி" எழுதுவார்கள். ஒவ்சின்னிகோவ், க்லெப்னிகோவ் பெயர்கள் அந்தக் குறியோடுதான் பொறிக்கப்பட்டன. குறி இல்லாமல் அந்தப் பெயர்கள் இருந்தால் தாங்கியைக் கீழே வைத்துவிடுங்கள். குறி இருப்பது மட்டும் போதாது, இன்றைய போலிக்காரருக்கும் அது தெரியும்.

முத்திரையைப் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் பாருங்கள். குத்திய முத்திரையின் தரை வழவழப்பாகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்கும். முழுப்பொருளையும் அச்செடுத்து வார்த்திருந்தால் முத்திரையின் தரையில் பொரிபொரியாக நுண்துளைகள் தெரியும். முத்திரை கைப்பிடியிலும் உடலிலும் தனித்தனியாக இருப்பது நல்ல அறிகுறி. கழற்றக்கூடிய பாகங்களுக்கும் முத்திரை இடுவது வழக்கம்.

என்னுடையது வெள்ளியா, ஜெர்மன் சில்வரா?

கோல்ச்சூகினோ தாங்கியின் அடியில் எம், என், த்ஸே என்ற மூன்று ரஷ்ய எழுத்துகள் இருந்தால் செம்பு, நிக்கல், துத்தநாகம் என்று பொருள். நம் கடைகளில் ஜெர்மன் சில்வர் என்று விற்கும் அதே குடும்பம், வெள்ளி துளியும் கிடையாது. வழக்கமான கலவையில் நிக்கல் சுமார் 15, துத்தநாகம் சுமார் 20 விழுக்காடு, மீதி செம்பு. வார்சாவின் ஃப்ராஷே, நோர்ப்லின் நிறுவனங்களின் தாங்கிகள் வெள்ளி முலாம் பூசியவை. விளிம்பு தேய்ந்த இடத்தில் அடியிலுள்ள உலோகம் வேறு நிறத்தில் எட்டிப் பார்க்கும்.

முத்திரை இல்லையென்றால் நீரில் நிறுத்துப் பாருங்கள். தாங்கியை உலர நிறுத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். தராசின் மேல் ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து அளவைப் பூஜ்யமாக்கி, தாங்கியை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் முழுக்க மூழ்கும்படி பிடியுங்கள். தராசு காட்டும் கிராமால் உலர் எடையை வகுத்தால் அடர்த்தி. 150 கிராம் தாங்கி 875 வெள்ளியானால் தராசு 14.6 கிராம் அளவு காட்டும், ஜெர்மன் சில்வரானால் 17 கிராமுக்கு மேல். கம்பி வேலையில் காற்றுக் குமிழி ஒளிந்துகொள்ளும். இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் விட்டு, தாங்கியை உதறி மூழ்க வைக்க வேண்டும்.

வெள்ளித் தாங்கி கையைச் சுடுகிறது, ஜெர்மன் சில்வர் சுடுவதில்லை. ஏன்?

உலோகங்களிலேயே வெப்பத்தை வேகமாகக் கடத்துவது வெள்ளி. நிக்கல் கலந்த செம்பு அதில் பத்தில் ஒரு பங்குகூடக் கடத்துவதில்லை. அன்றாடக் குடிக்க மலிவான தாங்கியே வசதி என்பது உண்மைதான். நல்ல வெள்ளித் தாங்கியில் கைப்பிடியை உடலோடு இரண்டே புள்ளிகளில் மெல்லியதாகச் சேர்த்திருப்பார்கள். ஓட்டை வேலையும் இங்கே அழகுக்கு மட்டுமல்ல. உலோகம் கண்ணாடியைத் தொடும் பரப்பைக் குறைக்கிறது. அலுமினியமும் வெப்பத்தை நன்றாகக் கடத்தும், அதனால் அலுமினியத் தாங்கிகளைத் தவிர்ப்பது நல்லது.

எந்த டம்ளர் பொருந்தும்?

நேர் உருளையான, மெல்லிய சுவருள்ள தேநீர் டம்ளர். சோவியத் வழக்கில் 250 மி.லி. பட்டைபட்டையான பிரபலமான ரஷ்ய டம்ளர் இதற்கு ஆகாது. அது மேலே சுமார் 7.2 செ.மீ., கீழே 5.5 செ.மீ. என்று குறுகுகிறது. விளிம்பில் மாட்டிக்கொண்டு அடியில் ஆடும்.

டம்ளரை வாங்கும் முன் தாங்கியின் உள்விட்டத்தை மேல்விளிம்பில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு இடத்தில் அளவுகோல் இடுக்கியால் அளக்க வேண்டும். பழைய தாங்கிகள் விழுந்து நெளிந்து முட்டை வடிவாகியிருக்கும். ஒரே இடத்தில் குறுக்கும் நெடுக்குமாக அளந்தால் தெரியும். சிறிய அளவிலிருந்து அரை முதல் ஒரு மி.மீ. குறைவான டம்ளரே சரி. கொஞ்சம் தளர்ந்தால் மடித்த காகிதப் பட்டை போதும். இறுக்கமாக இருந்தால் தள்ளாதீர்கள்.

டம்ளர் சிக்கிக்கொண்டதென்றால் பெரும்பாலும் சூட்டோடு அழுத்தியதால்தான். சூட்டில் வெள்ளி கண்ணாடியைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு விரியும். ஆறும்போது அதே அளவு இறுகும். வெதுவெதுப்பான நீரில் தாங்கி மட்டும் மூழ்கும்படி சில நிமிடம் வைத்துவிட்டு, டம்ளரை மெல்லத் திருகி எடுங்கள். உள்ளே குளிர்நீர் ஊற்றும் யோசனை வேண்டாம், கண்ணாடி விரிசல் விடும்.

கொதிநீரில் டம்ளர் உடைவது அடி தடித்திருப்பதால். உட்புறம் விரிய, வெளிப்புறம் இன்னும் குளிர்ந்தே நிற்கிறது. முதலில் கொஞ்சம் ஊற்றிச் சுழற்றிவிட்டு, உள்ளே ஒரு கரண்டியைப் போட்டு, அதன் மேல் ஊற்றுங்கள்.

எப்படிச் சுத்தம் செய்வது?

வெறும் வெள்ளிக் கம்பி வேலைக்கு அலுமினியத் தாளும் சமையல் சோடாவும் நல்லது. பாத்திரத்தின் அடியில் தாளைப் பரப்பி, ஒரு லிட்டர் சுடுநீருக்கு இரண்டு மேசைக்கரண்டி சோடா கலந்து, தாங்கி தாளைத் தொடும்படி சில நிமிடம் வைத்து, நல்ல நீரில் அலசி, உடனே துடைத்து உலர்த்த வேண்டும்.

சேர்ன் வேலைக்கு இதைச் செய்யவே கூடாது. வெள்ளி கறுப்பதும் கந்தகச் சேர்மத்தால், சேர்ன் கறுப்பாக இருப்பதும் கந்தகச் சேர்மத்தால். சோடாவுக்கு வித்தியாசம் தெரியாது. கோல்ச்சூகினோவின் கறுத்த பள்ளங்களுக்கும் எனாமலுக்கும் இதே தடைதான். இவற்றுக்கு வெதுவெதுப்பான சோப்பு நீர், மென்மையான பிரஷ், பருத்தித் துணி போதும். பல்பொடியும் பற்பசையும் தாங்கிகளுக்கு எதிரி: மேட்டில் உள்ள கருக்கையே முதலில் தின்னும்.

கைப்பிடி கழன்றுவிட்டது. பற்றவைக்கலாமா?

எனாமலோ சேர்னோ இருந்தால் தீச்சுடர் வேண்டாம். எனாமல் வெடிக்கும், சேர்ன் வெள்ளிக்கு மிக முன்பே உருகி வழிந்துவிடும். வெறும் வெள்ளியென்றால் வெள்ளிப் பற்றாசு மட்டும். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று எளிதில் ஒட்டும் என்று சிலர் அதையே வைத்துவிடுகிறார்கள். சாம்பல் நிறத் திட்டு தெரிவது ஒரு குறை. பெரிய குறை பின்னால் வரும்: அடுத்தவர் அதைச் சரிசெய்யச் சூடாக்கும்போது அந்த ஈயம் வெள்ளிக்குள் இறங்கி அரித்து, பள்ளம் விழுந்துவிடும். பட்டறையில் கொடுக்கும்போது பழைய ஈயப்பற்று இருந்தால் கையால் காட்டிச் சொல்லுங்கள்; சுடர் காட்டும் முன் அதை முழுவதும் சுரண்டி எடுத்தாக வேண்டும்.